எழுதாமல் விட்ட வரி

2018 ஜூன் 25. முதுகலைச் சேர்க்கைக் கட்டணம், ரூ. 18,400.
2021 நவம்பர் 1. முதல் மாத ஆய்வு உதவித்தொகை, ரூ. 31,000.
2022 மார்ச் 14. சேர்மம், ஐந்து மில்லிகிராம், ரூ. 86,250.
2024 ஏப்ரல் 9. கட்டுரை வெளியீடு. செலவு இல்லை.
2024 நவம்பர் 18. சேர்மம் மிச்சம்: ஒரு சோதனைக்கு மட்டும்.

ஆரணி பானுப்ரியாவின் ஆறரை வருடத்தை இந்த ஐந்து வரிகளில் அடக்கிவிடலாம். அவள் திரும்பத் திரும்பப் பார்த்தது கடைசி வரியை.

பட்டு நூலுக்குச் சாயம் போடும் மாணிக்கவேலின் மகள் அவள். வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஆரணியில் பேருந்து ஏறினால் கண்ணமங்கலம் வரைக்கும் தூக்கம், அதற்கப்புறம் அன்றைக்குச் செய்ய வேண்டியதைப் பற்றிய யோசனை. சாயங்காலம் திரும்பும்போது தலையில் ஒன்றும் இருக்காது, பசி மட்டும்தான் இருக்கும்.

அவள் என்ன படிக்கிறாள் என்று தெருவில் கேட்டால் "டாக்டருக்கு" என்று சொல்லி முடித்துக்கொள்வாள் அவளுடைய அம்மா கன்னியம்மாள். மகளிடம் ஒருநாள் உட்கார்ந்து விவரமாகக் கேட்டதும் அவள்தான்.

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவும் ஓயாமல் புரதங்களைச் செய்துகொண்டிருக்கிறது. தேவை தீர்ந்த புரதங்களை அழித்துக்கொண்டும் இருக்கிறது. அழிக்க வேண்டியதன் மேல் முதலில் ஓர் அடையாளத்தை ஒட்டும். அப்படி அடையாளம் ஒட்டியதைப் புரோட்டியசோம் என்கிற அரவை இயந்திரம் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். ஆனால் சில கெட்ட புரதங்கள் அடையாளம் ஒட்டுகிறவனின் கண்ணில் படாமலே காலத்தை ஓட்டிவிடும். பானுப்ரியா கையாண்ட சேர்மம் அங்கேதான் வேலை செய்தது.

"ரொம்பச் சின்ன மூலக்கூறும்மா அது. அதுக்கு ரெண்டு கை. ஒரு கையால கெட்ட புரதத்தைப் பிடிக்கும். இன்னொரு கையால அடையாளம் ஒட்டுறவனைப் பிடிக்கும். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வைக்கும். அவன் ஒட்டிட்டுப் போயிடுவான்."

"தரகருன்னு சொல்லு," என்றாள் கன்னியம்மாள்.

"தரகர்தான்."

"கமிஷன் எவ்ளோ?"

"ஒண்ணும் கிடையாது. ஒரு ஜோடி முடிஞ்சதும் அடுத்த ஜோடியைப் பிடிக்கப் போயிடும்."

"அந்த மாதிரி தரகரு ஆரணியில ஒருத்தன்கூடக் கெடையாதுடி."

மாணிக்கவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கல்யாணத் தரகரு இல்ல கன்னி இது. ஆள வெச்சு அடிக்கிற தரகரு."

அந்தத் தரகர் போன பிறகு உயிரணுவில் என்னவெல்லாம் மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. புரதம் இருக்கிறதா, போய்விட்டதா என்பது ஒரு படலத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். சேர்மம் ஊற்றாத உயிரணுக்களில் பட்டை மை பூசினது போல அழுத்தமாக இருக்கும். ஊற்றியவற்றில் பட்டை இருக்காது. அரவை இயந்திரத்தின் வாயை அடைக்கிற வேறொரு சேர்மத்தையும் கூடவே சேர்த்தால் பட்டை போகாமல் அப்படியே நிற்கும். புரதம் அந்த வழியாகத்தான் அழிந்தது என்பதற்கு அது சாட்சி. பானுப்ரியாவின் கையில் இது ஒவ்வொரு முறையும் வந்தது. கட்டுரையும் வெளியானது. கன்னியம்மாள் அதைப் பிரதி எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். யாருக்கும் ஒரு வரி புரியாவிட்டாலும் மகளின் பெயர் முதலில் இருந்தது.

அக்டோபரில் புனேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஓர் ஆய்வுக்குழு அதே சேர்மத்தை வாங்கி, அதே உயிரணுவில், கட்டுரையில் சொன்னபடியே செய்து பார்த்திருந்தது. பட்டை போகவில்லை. நான்கு முறை செய்தும் போகவில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அதன் நகலைக் கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் அனுப்பியிருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இதழ் எழுதியது. வருட முடிவுக்குள் விளக்கம் வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

கட்டுரை போனால் பட்டம் போகும். பட்டம் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று பானுப்ரியா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் 'இல்லாததை இருக்கிறதாகக் காட்டியவள்' என்ற பேச்சு ஒரு தடவை வந்துவிட்டால் அந்தப் பெயரோடு எந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலையும் மிதிக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் குணசுந்தரி, சத்தம் போடாதவர். கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "அன்பரசு செய்யட்டும். நீ பக்கத்துல போகாதே," என்றார்.

அன்பரசு அதே கூடத்தில் படிக்கிறவன், களம்பூர்க்காரன். அவன் அப்பா அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். காலையில் களம்பூரிலிருந்து ஆரணி வந்து, பானுப்ரியா ஏறும் அதே பேருந்தில் ஏறுவான். யார் முதலில் வந்தாலும் இரண்டு பேருக்கும் சீட்டு எடுத்துவிடுவது என்று மூன்று வருடப் பழக்கம்.

அன்பரசு செய்தான். பட்டை போகவில்லை.

"அளவு கூடிப்போச்சோ?" என்று கேட்டார் குணசுந்தரி. அதிலும் அர்த்தம் இருந்தது. தரகர்கள் அளவுக்கு மீறிப் போனால் புரதத்தை ஒரு தரகர் பிடித்துக்கொள்வார், அடையாளம் ஒட்டுகிறவனை இன்னொரு தரகர் பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் கடைசிவரை சந்திக்கவே மாட்டார்கள். அளவைக் குறைத்து இன்னொரு முறை செய்தான். அப்போதும் போகவில்லை. அதே வாரத்தில் பானுப்ரியா செய்தாள். பட்டை துடைத்தது போலப் போயிற்று.

அதுதான் விபரீதம். யார் கையிலும் வராமல் இருந்திருந்தால் சேர்மம் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். இவள் ஒருத்தி கையில் மட்டும் வருகிறது என்றால் கேட்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

"உங்க ஊர்ல இதுக்குக் கைராசின்னு ஒரு பேரு உண்டு," என்றான் அன்பரசு, சிரிப்பு வரவழைக்கப் பார்த்து.

பானுப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மேடம் கேட்டா என்ன சொல்லுவே?"

"நடந்ததைத்தான் சொல்லணும் பானு. என் கையில வரலை."

"நான் பொய் சொன்னேன்னு சொல்லப் போறே."

"என் கையில வரலைன்னு சொல்லப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

மறுநாளிலிருந்து பானுப்ரியா பேருந்தில் முன்பக்கம் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். தன் சீட்டைத் தானே எடுத்தாள். அன்பரசு பின்னால் நின்றுகொண்டே வந்தான். கண்ணமங்கலம் வரை வருகிற தூக்கமும் அவளுக்கு வருவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மூன்று வருடத்தில் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் திரும்பச் செய்து பார்ப்பாள். எங்கேயாவது நான் என்னை அறியாமல் ஏமாற்றிவிட்டேனா? குழாயை மாற்றி எடுத்துவிட்டேனா? தன் கையையே அவளால் நம்ப முடியவில்லை. பொய் சொன்னவர்களுக்காவது தாங்கள் சொன்னது பொய் என்று தெரிந்திருக்கும்.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. கன்னியம்மாள்தான் இரண்டு இட்லியோடு மகள் எழுந்ததைப் பார்த்து, "இன்னாடி, வேலூரு ஓட்டல்ல துன்னுட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். "பசிக்கலம்மா," என்று சொல்லித் தப்பித்தாள்.

சேர்மம் இன்னும் ஒரு சோதனைக்குத்தான் இருந்தது. புதிதாக வாங்கத் திட்டத்தில் பணமும் இல்லை. பணம் இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்துசேர மூன்று மாதம் ஆகும். டிசம்பர் முதல் வாரத்தில் குணசுந்தரி இருவரையும் கூப்பிட்டார்.

"இருக்கிறதை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கங்க. ஒரே நாள், ஒரே குப்பி, ஒரே செல். பானு முதல்ல செய்யட்டும். அன்பரசு, நீ பார்த்துக்கிட்டே எழுது. அவ என்ன செஞ்சாலும் எழுது. நானும் நிக்கிறேன்."

பரீட்சை எழுதுகிறவளைப் போலத்தான் பானுப்ரியா அன்றைக்கு வேலையைத் தொடங்கினாள். தும்மினால் அதையும் எழுதுவான் என்று நினைத்தாள். பிறகு, வேலை ஆரம்பித்ததும், எப்போதும் போல அதை மறந்துபோனாள்.

உயிரணுக்களை வளர்க்கும் சத்துநீர் பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெந்நீர்த் தொட்டியில் வைத்தாள். அது கதகதப்பானதும் அதில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாயில் எடுத்தாள். சேர்மத்தை அந்தக் குழாய்க்குள் விட்டாள். விரலால் சுண்டினாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இன்னொரு தரம் சுண்டினாள். திருப்தியானதும் உயிரணுக்கள் வளரும் தட்டைச் சாய்த்து, ஓரமாகக் குழாயில் இருந்ததில் பாதியை ஊற்றி, தட்டை மெல்லச் சுழற்றினாள். குழாயை மூடிவைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"நில்லு நில்லு," என்றான் அன்பரசு. "என்ன பண்றே?"

இரண்டு வாரத்துக்கப்புறம் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"மருந்து ஊத்துறேன். பார்த்தா தெரியலையா?"

"பாதிதானே ஊத்துனே?"

"மீதி கொஞ்சம் பொறுத்து."

"ஏன்?"

பானுப்ரியா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "ஒரேடியா ஊத்துனா திட்டுத் திட்டாப் போயிடும் இல்ல?"

"எது? இதுல பட்டு நூலா ஊறிக்கினு கெடக்குது?"

குணசுந்தரி ஓர் அடி முன்னால் வந்தார். "பானு, இதை எங்கே எழுதியிருக்கே?"

கட்டுரையில் அந்த இடத்தில் இருந்தது ஒரே ஒரு வரி: உயிரணுக்களில் சேர்மம் சேர்க்கப்பட்டது. சத்துநீரைச் சூடாக்கியது அதில் இல்லை. சின்னக் குழாய் இல்லை. பாதியும் இல்லை, மீதியும் இல்லை.

"இதையெல்லாம் யாராவது எழுதுவாங்களா மேடம்?" என்று கேட்டாள் பானுப்ரியா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "ஊத்துறதுன்னா இப்படித்தானே ஊத்துறது?"

அவள் வீட்டில் அப்படித்தான். சாயத் தூளை யாரும் அண்டாவில் நேரே கொட்டமாட்டார்கள். முதலில் ஒரு குவளை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அண்டாவில் கிடக்கும் நூலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதியை ஊற்றி நூலை முக்கிப் புரட்டுவார்கள். அந்தச் சாயத்தை நூல் வாங்கிக்கொண்ட பிறகுதான் மீதி. நடக்கப் பழகின வயதிலிருந்து அவள் பார்த்தது அது. பிறந்ததிலிருந்து ஒருவரும் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை, சொல்ல வேண்டிய விஷயமாக அது யாருக்கும் தோன்றியதும் இல்லை. 'ஊற்றுவது' என்ற ஒரே சொல்லுக்குள் அத்தனையும் அடங்கியிருந்தது.

அன்பரசு பேனாவை மூடினான். "மேடம், போன ரெண்டு தடவையும் நான் பாட்டிலைக் குளிர்பெட்டியில இருந்து எடுத்து, அப்படியே தட்டுல ஊத்தி, மருந்தை நேரா உள்ள விட்டுட்டேன். எழுதியிருந்தது அவ்வளவுதான். என் பங்கை ரெண்டாப் பிரிச்சுக்கறேன். ஒண்ணு என் வழியில, ஒண்ணு பானு வழியில."

"குறைவா இருக்குமே," என்றாள் பானுப்ரியா.

"போதும். ஜல்தி அந்தச் சின்னக் குழாயைக் கொடு. சுண்டுறது எத்தனை தடவை?"

"அதையெல்லாம் எண்ணுவாங்களா?"

"எண்ணு. இனிமே எல்லாத்தையும் எண்ணு."

மத்தியானம் அன்பரசு தன் முதல் தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தான். நேரே ஊற்றிய தட்டு அது. பார்த்ததும் ஒரு சத்தம் போட்டான், சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம். பானுப்ரியா ஓடிவந்து குனிந்தாள். உயிரணுக்களுக்கு மேலே பொடிப் பொடியாக ஊசிகள் கிடந்தன, யாரோ கண்ணாடியை நொறுக்கித் தூவினது போல. சேர்மம் குளிர்ந்த நீரில் கரையாமல் கட்டிக்கொண்டுவிட்டது. உயிரணுவுக்குள் அது போகவே இல்லை. தரகர் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டார்.

"இத்தனை நாளா இதை யாரும் பார்க்கலையா?" என்றார் குணசுந்தரி.

"செல்லை எடுக்கறதுக்கு முன்னால கழுவிடறோம் மேடம்," என்றான் அன்பரசு. "ஊசியெல்லாம் தண்ணியோட போயிடுது. புனேயிலும் அப்படித்தான் போயிருக்கும்."

பானுப்ரியாவின் தட்டில் ஊசி இல்லை. அன்பரசு அவள் வழியில் செய்த தட்டிலும் இல்லை. ஆனால் ஊசி இல்லை என்பது மட்டும் போதாது. பட்டை போக வேண்டும். அது மறுநாள்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் பேருந்தில் அவள் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அன்பரசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு சீட்டு எடுத்தான். "நான் உன்னைப் பொய்யின்னு சொல்லலை," என்றான்.

"தெரியும். சொல்லியிருந்தா இவ்வளவு கோவம் வந்திருக்காது."

வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் பின்னால் சாயப்பட்டறைக்குப் போனாள். மாணிக்கவேல் முழங்கை வரைக்கும் மாம்பழ மஞ்சளாக நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, சாயம் எப்படிப்பா போடறது? முதல்ல இருந்து சொல்லு."

"உனுக்கு இன்னா திடீர்னு?"

"சொல்லுப்பா."

"தூளைப் போடு. நூலைப் போடு. புரட்டு. எடு." அவர் கையை உதறினார். "அவ்ளோதான். இதுல சொல்றதுக்கு இன்னா கீது?"

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதாம்மா. வேறின்னா?"

சொல்லிக்கொண்டே அவர் குவளையில் சாயத்தை வெந்நீரில் கரைத்தார், துணியில் வடிகட்டினார், நூலைத் தூக்கிப் பிடித்தார், பாதியை ஊற்றினார். மீதிக் குவளையைத் திட்டில் வைத்துவிட்டு நூலைப் புரட்டத் தொடங்கினார்.

பானுப்ரியா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்து, கண்ணில் நீர் வந்து, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மாள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"இன்னா பண்ண அவள?"

"நான் ஒண்ணும் பண்ணலடி. சாயம் எப்புடி போடறதுன்னு கேட்டா. சொன்னேன். சிரிக்கிறா."

"பேஜாரு புடிச்ச அப்பனும் பொண்ணும். வா, வந்து துன்னு."

அன்றைக்கு அவள் ஆறு இட்லி சாப்பிட்டாள். கன்னியம்மாள் எதுவும் கேட்கவில்லை. ஏழாவதையும் தட்டில் வைத்தாள்.

மறுநாள் படலத்தில் நான்கு இடங்கள். சேர்மம் ஊற்றாத முதல் இடத்தில் கறுப்பாகப் பட்டை. பானுப்ரியாவின் இடத்தில் வெறுமை. அன்பரசு நேரே ஊற்றிய இடத்தில் கறுப்பாகப் பட்டை. அன்பரசு பாதி பாதியாக ஊற்றிய இடத்தில் வெறுமை. படலத்தைக் குணசுந்தரி வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்னை அடிக்கலாமா, கட்டிப்பிடிக்கலாமான்னு தெரியலை."

"அடிச்சிடுங்க மேடம்," என்றாள் பானுப்ரியா. "அது சீக்கிரம் முடியும்."

அவர் அடிக்கவில்லை. "எழுது," என்றார். "அவன் பார்த்து எழுதினதை வெச்சுக்கிட்டு, நீ செஞ்சதையெல்லாம் எழுது."

அந்த ஒரு வரி ஒன்றரைப் பக்கமாயிற்று. அன்பரசு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தடை போட்டான். கதகதப்பு என்றால் எத்தனை டிகிரி? கொஞ்சம் என்றால் எத்தனை மைக்ரோலிட்டர்? பொறுத்து என்றால் எவ்வளவு நேரம்? வெளிச்சத்தில் பார்ப்பது எதற்கு? அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை அவள் கையில் இருந்தது. அதைச் சொல்லாக்குவதற்குள் வேர்த்துவிட்டது. நடுவில் ஒருமுறை, "மூச்சு விட்டேன்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள். "விட்டியா? எத்தனை தடவை?" என்றான் அவன்.

அந்தப் பக்கத்தையும், ஊசிகளின் படத்தையும், நான்கு இடங்கள் கொண்ட படலத்தையும் டிசம்பர் முடிவதற்குள் இதழுக்கும் புனேக்கும் அனுப்பினார்கள். புனேக்காரர்களிடம் சேர்மம் இன்னும் மிச்சம் இருந்தது. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறோம் என்று சொன்னார்கள்.

ஜனவரி முழுக்க எதுவும் வரவில்லை. அந்த மாதம் பானுப்ரியாவுக்குப் பேருந்தில் தூக்கம் வந்தது, ஆனால் அரைத் தூக்கம்தான். தை மாதத்தில் கல்யாணப் பட்டு வேலை மும்முரமாக இருந்ததால் மாணிக்கவேலின் கைகள் ஒருநாள் பச்சையும் மறுநாள் கத்தரிப்பூ நிறமுமாக மாறிக்கொண்டே இருந்தன. அவர் சாயம் ஊற்றும்போதெல்லாம் பானுப்ரியா வேடிக்கை பார்க்க வந்துவிடுவாள். "கண்ணு போடாதே," என்பார் அவர்.

கடைசியில் கடிதம் குணசுந்தரியின் கணினிக்கு வந்தது. அவர் கூப்பிட்டனுப்பியபோது பானுப்ரியா கையுறையோடு ஓடினாள். புனேக் குழு மூன்று முறை செய்து பார்த்திருந்தது. மூன்று முறையும் பட்டை போயிருந்தது. தங்கள் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சின்னக் குழாயில் முதலில் கரைப்பதைத் தங்கள் மற்ற சேர்மங்களுக்கும் பழக்கமாக்கிக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். அதன் கீழே இதழின் பதில் இருந்தது: கட்டுரை நிற்கும். செய்முறை மட்டும் திருத்தமாக, முழுதாக, ஒன்றரைப் பக்கமும் சேர்ந்து வெளியாகும்.

பானுப்ரியா நின்றபடியே படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து, "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான்," என்று சொன்னாள். கன்னியம்மாள், "சும்மாவுக்கு ஏன்டி அழுவுற?" என்றாள்.

கடிதம் வந்த நாள்: 2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை.